யானையின் டப்பாவில் என்ன இருந்தது

பல்பொடி விற்பதற்காகப் பிறந்த யானை அது. அந்த யானையை வைத்துக்கொண்டுதான் நான் குழந்தை எழுத்தாளர் ஆனேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் ஏரிக்குப் போகும் வழியில், ஒரு மாடிப் போர்ஷன். பத்திரிகைகளின் சிறுவர் பக்கத்துக்கு அவ்வப்போது கதை அனுப்புவேன். சில வரும், பல வராது. வந்த கதைகளில் ஒன்றைப் படித்துவிட்டுத் திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் அச்சகமும் பதிப்பகமும் சேர்த்து நடத்திய ஒருவர் என்னை வரச் சொன்னார். புத்தகம் போடப்போகிறார்களாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மே மாத வெயிலில் அது ஒரு தண்டனை.

பதிப்பாளர் என் கதைக் கட்டைக் கையில்கூட வாங்கவில்லை. மேஜைக்குக் கீழிருந்து ஒரு மர டிராயரை இழுத்து, நியூஸ் பேப்பர் விரித்து, அதன்மேல் கட்டை கட்டையாக எடுத்து வைத்தார். எல்லாம் பிளாக்குகள். அந்தக் காலத்தில் புத்தகத்தில் படம் வர வேண்டுமென்றால் அதை உலோகத் தகட்டில் செதுக்கி, மரக்கட்டையில் ஆணியடித்து, எழுத்துகளோடு சேர்த்து மெஷினில் ஏற்றி அடிப்பார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர்தான் பிளாக்.

"பாருங்க மேடம். இதுக்கு ஏத்த மாதிரி ஒரு கதை எழுதிக் குடுங்க" என்றார்.

"கதைக்குத்தானே சார் படம் போடுவாங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புதுசா ஒரு பிளாக் செய்யறதுன்னா சும்மாவா மேடம்? கதைன்னா உங்களுக்குப் பேப்பர், பேனா போதும்."

பக்கத்துத் தெருவில் மூடிவிட்ட ஒரு பழைய அச்சகத்திலிருந்து மொத்தமாக எடைக்கு வாங்கிய பிளாக்குகள் அவை. பட்டாசுப் பெட்டி லேபிளுக்காகச் செய்த ராஜா ஒருவர் இருந்தார். குடைக்கடை விளம்பரத்தில் நின்ற ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். ஒரு கிணறு, முகம் தேய்ந்துபோன ஒரு குரங்கு, எதற்காகச் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு முதலை. எல்லாவற்றையும் விடப் பெரியது யானை.

யானை ஒரு பல்பொடி விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டது. ஆகவே அது துதிக்கையில் ஒரு வட்ட டப்பாவைத் தூக்கிப் பிடித்திருந்தது. அத்துடன் நின்றிருந்தால் பரவாயில்லை. பல்பொடியின் மகிமையைக் காட்டுவதற்காக வாயை அகலத் திறந்து, மனிதர்களுக்கு இருப்பதுபோல் இரண்டு வரிசைப் பல்லும் தெரியச் சிரித்தது. டப்பாவில் இருந்த பல்பொடியின் பெயரை மட்டும் கம்பாசிட்டர், அதாவது அச்சு எழுத்துக் கோப்பவர், அரத்தால் ராவி எடுத்திருந்தார். டப்பாவையும் ராவிவிடலாமே என்று கேட்டேன். டப்பாவை ராவினால் துதிக்கையும் சேர்ந்து போய்விடும் என்றார்கள்.

இப்படித்தான் என் எழுத்துப் பணி தொடங்கியது. கதையில் யானை வந்தே ஆக வேண்டும். அது டப்பா வைத்திருந்தே ஆக வேண்டும். ஏன் வைத்திருக்கிறது என்று நான் காரணம் சொல்லியே தீர வேண்டும்.

முதல் புத்தகத்தில் டப்பாவில் உப்பு இருந்தது. உப்பில்லாத ஒரு நாட்டுக்கு யானை உப்பு கொண்டுபோயிற்று. அடுத்ததில் ராஜாவின் வயிற்று வலிக்கு மருந்து. அதற்கடுத்து தேன். அப்புறம் ராணி தொலைத்த மோதிரம். ஒருமுறை மூக்குப்பொடி என்று எழுதினேன். பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பதிப்பாளர் அடித்துவிட்டார். இன்னொரு முறை ஒன்றுமே தோன்றாமல் சமையலறையில் நின்று அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெருங்காயம் என்று எழுதினேன். அது நன்றாக விற்றது.

பல்தான் பெரிய பேஜார். டப்பாவுக்காவது காரணம் சொல்லிவிடலாம். யானைக்குட்டி காட்டில் வழி தப்பி அழுகிற பக்கத்திலும் அது முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கும். "அம்மாவைக் காணாமல் யானை தேம்பித் தேம்பி அழுதது" என்று நான் எழுதியிருப்பேன். மேலே பார்த்தால் கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாமா மாதிரி சிரிக்கும். நாளடைவில் என் யானைகள் எல்லாம் துன்பத்திலும் சிரிக்கும் உயர்ந்த குணம் கொண்டவை என்று ஒரு வரி சேர்த்துவிடுவது என் வழக்கமாயிற்று. யாரோ ஒரு தலைமையாசிரியர் அந்த வரியைப் பாராட்டியதாகக்கூடக் கேள்விப்பட்டேன்.

கதைகளை நான் எழுதியது மின்சார ரயிலில். சாயங்காலம் சைதாப்பேட்டையில் லேடீஸ் பெட்டியில் ஏறினால் தாம்பரம் வரை மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டே வருவேன். எனக்கு எதிரே ஒரு பாங்கில் வேலை பார்க்கும் சிநேகிதி உட்காருவாள். மாடம்பாக்கத்துக்காரி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை வாங்கி, ரயிலிலேயே ஆய்ந்து முடித்து, வீட்டுக்குப் போனதும் நேராக அடுப்பில் போடுகிற ரகம். அவள் மடியில் கீரை, என் மடியில் யானை. பரங்கிமலை தாண்டும்போது கேட்பாள்.

"இந்த வாட்டி டப்பாவுல என்னக்கா?"

சொல்வேன். கீரைத் தண்டை ஒடித்தபடியே யோசித்துவிட்டு நன்றாக இருக்கிறது அல்லது இல்லை என்பாள். என் முதல் விமரிசகர் அவள்தான். சம்பளம் வாங்காத விமரிசகர், ஆனால் கறார்.

ஒருநாள் எனக்கு யானைமேல் வெறுப்பே வந்துவிட்டது. "இனிமே முடியாது" என்றேன். அவள் சர்வ சாதாரணமாக ஒரு யோசனை சொன்னாள்.

"கொன்னுடுங்கக்கா."

கொன்றேன். மனசாரக் கொன்றேன். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டு யானை வீர மரணம் அடைந்தது. காடே அழுதது என்று எழுதினேன். அந்தப் பக்கத்திலும் யானை பல்லைக் காட்டிக்கொண்டுதான் செத்தது, அது வேறு விஷயம். அடுத்த மாதம் பதிப்பாளர் புதுக் கதை கேட்டார்.

"யானைதான் செத்துப்போச்சே சார்."

"செத்தது அண்ணன் மேடம். இது தம்பி."

"டப்பா?"

"அண்ணன் டப்பா தம்பிக்கு வராதா?"

சொத்து விவகாரம் தெரிந்த என் கணவரிடம் கேட்டதற்கு, வாரிசு இல்லாமல் அண்ணன் செத்திருந்தால் வரும் என்றார். அவர் என் எழுத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இதெல்லாம் எனக்கு உண்மையில் வருத்தமில்லை. என் வருத்தம் வீட்டுக்குள் இருந்தது.

எனக்கு ஒரே பெண். அப்போது ஒன்பது வயதிருக்கும். அவள் படிக்காத காகிதம் கிடையாது. வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்து, கடலையை எனக்குக் கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் படிப்பாள். பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் வரும் தைல விளம்பரத்தை மனப்பாடமாகச் சொல்வாள். பக்கத்து வீட்டில் குழந்தைகளுக்கான பத்திரிகை வாங்கினால் அது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் இவளிடம் வரும். என் புத்தகத்தை மட்டும் படிக்க மாட்டாள்.

புதுப் புத்தகம் வந்ததும் ஆசையாகத்தான் வாங்கிப் பார்ப்பாள். அட்டையைத் தடவுவாள். "டப்பாவுல என்னம்மா?" என்பாள். நான் பெருமையில் உளறிவிடுவேன். "தேன்." "ஓ" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுவாள். ரொம்ப நாள் வரை, அம்மாவின் எழுத்தில் பெண்ணுக்கு எத்தனை அக்கறை என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

விஷயம் புரிந்ததும் சொல்லாமல் இருந்து பார்த்தேன். "படிச்சுப் பாரு" என்றேன். அவள் கெட்டிக்காரி. என் கதைகளில் டப்பா எப்போதும் கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில்தான் திறக்கும். நேரே அதைப் புரட்டி, "பெருங்காயமா?" என்று சிரித்துவிட்டு மூடிவிட்டாள்.

அது வீட்டோடு போயிருந்தால் சரி. அந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் புத்தக வாரம் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் எனக்கு ஒரு ரோஜா மாலை, ஒரு எவர்சில்வர் தட்டு. தலைமை மிஸ் மைக்கில் என் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னார்.

"உங்க அம்மா எழுதின புக்ஸ்லயே உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

அவள் கொஞ்சமும் தயங்காமல், "நான் எதுவும் படிச்சதில்ல மிஸ். அம்மாவே டப்பாவுல என்னன்னு சொல்லிடுவாங்க" என்றாள்.

மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது. பொய் சொல்லத் தெரியாத பெண்ணை வளர்த்ததற்காக நான் என்னையே நொந்துகொண்டேன். எவர்சில்வர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் அந்த யானை மாதிரி எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதி என்ன, என் பெண் ஒரே ஒரு புத்தகத்தையாவது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு எந்தப் பரிசும் வேண்டாம் என்று தோன்றியது. அப்படியே அதை ஒரு வெறியாக மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரயிலில் சிநேகிதியிடம் சொன்னேன். அன்று முளைக்கீரை. ஒரு கட்டை ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க யானை எப்பப் பாத்தாலும் ஏதோ ஒரு ராஜா ஊருக்கே போகுது. நம்ம ஊருக்கு வரச் சொல்லுங்களேன். அவ தெருவுக்கு வந்தா அவ படிக்காமயா இருப்பா?"

அந்த யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவரை நான் எழுதியதெல்லாம் வேலை. இதை ஆசையாக எழுதினேன். கதையில் யானை டப்பாவோடு மின்சார ரயிலில் தாம்பரத்தில் வந்து இறங்குகிறது. ரயில் நிலையப் படிக்கட்டில் சிக்கிக்கொள்கிறது. டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டைக் கேட்காமல் டப்பாவில் என்ன என்று கேட்கிறார். "அப்புறம் சொல்கிறேன்" என்கிறது யானை. தண்ணீர் லாரிக்காரர் கேட்கிறார், ஐஸ் வண்டிக்காரர் கேட்கிறார், போலீஸ்காரர் கேட்கிறார். எல்லோருக்கும் அப்புறம்தான். மாடம்பாக்கம் கோயில் வாசலில் சிநேகிதியே ஒரு பக்கம் வருகிறாள், கீரைக் கட்டோடு. கேட்டவர்கள் எல்லோரும் யானைக்குப் பின்னாலேயே ஊர்வலமாக வருகிறார்கள். கடைசியில் எங்கள் தெருவில், ஒரு சின்னப் பெண்ணின் எதிரில், யானை டப்பாவைத் தரையில் வைத்துத் திறக்கிறது. உள்ளே விதைகள். வறண்ட ஏரிக்கரை முழுதும் அந்தப் பெண் அவற்றை விதைக்கிறாள். மழை வருகிறது.

இந்த முடிவை எழுதும்போது பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்துக் காட்டியதும் சிநேகிதி ஆய்வதை நிறுத்தினாள். "இதுதான்க்கா" என்றாள். என் எழுத்து வாழ்க்கையின் சிகரம் அது என்று அன்றைக்கு நம்பினேன்.

பதிப்பாளருக்கு ஒரே ஒரு குறை. ரயிலுக்கு பிளாக் இல்லை.

"யானை இருக்கு, போதும் மேடம். ரயிலுக்குள்ள இருக்கற யானைன்னு எழுதியிருக்கீங்க இல்ல, புரிஞ்சுக்குவாங்க."

எழுத்துக் கோத்து முதல் புரூஃப் வந்தது. திருத்திக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பிரித்த பிறகு இன்னொரு புரூஃப் வரும், அதையும் நான் பார்த்தால்தான் அச்சேறும். அப்போதுதான் சென்னை முழுக்க மெட்ராஸ் ஐ பரவியது. முதலில் என் பெண்ணுக்கு வந்தது, அவளிடமிருந்து எனக்கு. இருவரும் கண் இரண்டும் கோவைப்பழமாக, இமைகள் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். என் கணவர் எங்களைப் பார்க்காமலேயே தட்டை உள்ளே தள்ளிவிடுவார். கீழே வீட்டுக்காரர் போனிலிருந்து பதிப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். போனிலேயே ஒட்டிக்கொண்டுவிடும் என்பதுபோல் பதறினார்.

"ஐயோ, பிரஸ் பக்கமே வராதீங்க மேடம். புரூஃப் அனுப்பிட்டு அதத் திரும்பத் தொடவும் எங்களால முடியாது. ரெஸ்ட் எடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஒரு எழுத்தாளரிடம் யாராவது "நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னால், கண் தெரியாவிட்டாலும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உடனே கிளம்பிப்போக வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது.

கண் தெளிந்ததும் புத்தகக் கட்டு வந்தது. நான் நேராகக் கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். "யானை டப்பாவைத் தரையில் வைத்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்" என்று ஒரு பக்கம் முடிந்தது. புரட்டினேன். அடுத்தது கடைசிப் பக்கம். அது முழுக்க யானை. தரையில் வைத்த டப்பாவை மறுபடியும் துதிக்கையில் தூக்கிக்கொண்டு ஈயென்று சிரித்தது. கீழே கட்டம் கட்டி ஒரு நீதி. என் எல்லாப் புத்தகங்களின் முடிவிலும் நீதி உண்டு, நீதி இல்லாத புத்தகத்தைப் பள்ளிக்கூடங்களில் வாங்க மாட்டார்கள். இதில் இப்படி இருந்தது: "பிள்ளைகளே, நாமும் இதுபோலவே நடக்க வேண்டும்."

எதுபோல? விதையைக் காணோம், விதைத்த பெண்ணைக் காணோம், மழையைக் காணோம். என் சிகரத்தையே காணோம்.

அன்றைக்கு அலுவலகத்துக்குப் போகவில்லை. நேரே திருவல்லிக்கேணி. பதிப்பாளர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாக நழுவினார். கம்பாசிட்டர் மட்டும் எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் என் கண்ணைத்தான் முதலில் பார்த்தார், சிவப்பு இருக்கிறதா என்று. அது கோபச் சிவப்பு என்று சொன்னேன்.

"இன்னாம்மா பண்றது. எப்பவும் ரெண்டு ஃபாரம்தான், முப்பத்ரெண்டு பக்கம். உன் கத எகிறிக்கினு போயிடுச்சி. எடம் பத்தல."

"அதுக்காக முடிவையே எடுத்துடறதா? அந்த யானையை எடுத்திருக்கலாம் இல்ல?"

அவர் கையிலிருந்த எழுத்துகளைக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கடசிப் பக்கம் யானைம்மா. எப்பவும் யானதான். யானய எட்தா பசங்க இன்னாத்தப் பாக்கும்?"

"டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு பாக்கும்!"

"அத நானும் பட்ச்சேன். வெத தானே? அது இல்லாங்காட்டி இன்னா கொறஞ்சி போச்சி?"

டீயோடு வந்த பதிப்பாளர், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்று சமாதானம் சொன்னார். டீயை நான் தொடவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகக் கட்டைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினேன். அழுதேன். மறுபடியும் மெட்ராஸ் ஐ வந்துவிட்டதா என்று கணவர் தள்ளி நின்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமையலறையில் குக்கரை ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. சத்தம் போடாத குழந்தையை உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்பது தாய்மார்களின் முதல் விதி. எட்டிப் பார்ப்பதற்குள் அவளே வந்தாள். கையில் அந்தப் புத்தகம். கட்டிலுக்கு அடியில் பந்து தேடப் போனவள் கட்டைப் பிரித்துவிட்டிருந்தாள்.

"அம்மா, இதுல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கா?"

"இல்ல" என்றேன் கடுப்போடு.

அவள் கூடத்துக்குத் திரும்பிப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. மூன்றாவதையும் எடுத்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டு கடைசிக்கு முந்தின பக்கத்தைப் படித்தாள். டப்பா திறக்கவில்லை. அதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பினாள். போலீஸ்காரர் கேட்கிறார், அப்புறம் என்கிறது யானை. இன்னும் ஒரு பக்கம் பின்னால் போனாள். ஐஸ் வண்டிக்காரர், அப்புறம். தண்ணீர் லாரி, அப்புறம். அப்படியே பின்னாலேயே போய்ப் போய்த் தாம்பரம் ரயில் நிலையத்துப் படிக்கட்டு வரை வந்துவிட்டாள். அங்கேயும் டப்பாவில் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தாள். பிறகு குப்புறப் படுத்து, காலிரண்டையும் மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது. நகர்ந்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயம். ஐஸ் வண்டிக்காரர் வருமிடத்தில் அவள் சிரித்தாள். கீரைக் கட்டோடு ஒரு மாமி வருமிடத்தில், "இது உன் ரயில் ஃபிரெண்டுதானே?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். சாதம் கருகும் வாசனை வந்தது. நான் போகவில்லை. படித்தாள், படித்தாள், நீதிவரை படித்தாள். பிறகு புத்தகத்தைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

"என்னம்மா கதை இது! திறக்கவே இல்ல!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கரண்டியோடுதான். என் பெண் என் புத்தகத்தைப் படித்துவிட்டாள். பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை, முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை. உலகத்தில் எந்த எழுத்தாளருக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கும்? அந்த நிமிஷத்தில் கம்பாசிட்டரை மன்னித்தேன். பதிப்பாளரை மன்னித்தேன். மெட்ராஸ் ஐயைக்கூட மன்னித்தேன்.

சந்தோஷத்தில் மறுபடியும் என் பழைய வியாதி வந்துவிட்டது.

"விதைம்மா. டப்பாவுல விதை இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஏரிக்கரை பூரா விதைப்பா. அப்புறம் மழை வரும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

அவள் என் கைக்குள்ளிருந்து விலகி என்னைப் பார்த்தாள். உப்பு போட மறந்த ரசத்தை வாயில் வைத்த மாதிரி முகம்.

"விதையா? இல்ல."

"நான்தானேடி எழுதினேன்?"

"இதுல எங்க எழுதியிருக்க?"

"அது... அச்சடிக்கும்போது எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்க இல்ல? அப்ப அது இல்ல. இந்த யானை விதையெல்லாம் கொண்டு வராதும்மா. எல்லார்கிட்டயும் அப்புறம் அப்புறம்னு சொல்லி இவ்ளோ தூரம் வருது. போயும் போயும் விதைக்கா வரும்?"

பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் நான் விட்ட கண்ணீருக்கு இதுதான் மரியாதை. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரியென்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொல்லிவிட்டது.

"சரி, பின்ன என்னதான் இருக்கு?"

"எனக்குத் தெரியும்."

"சொல்லேன்."

அவள் புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டி என் கையில் கொடுத்தாள்.

"படிச்சுப் பாரு."

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அந்தப் புத்தகம் அவள் பள்ளிக்கூடத்தில் கைமாறி, கிழிந்து, டப்பாவில் என்ன என்று பிள்ளைகளுக்குள் அடிதடி நடந்து, தலைமை மிஸ் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போட்டார். முடிவைச் சேர்த்துவிடலாமா என்று அவரே கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் கம்பாசிட்டர். அவர் சொன்னது அதுவல்ல, ஆனாலும் விட்டுவிட்டேன். தொண்ணூறுகளில் பிளாக்கே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்தது. எந்தப் படம் வேண்டுமானாலும் போடலாம், ரயில்கூடப் போடலாம் என்று ஆயிற்று. ஓவியர்கள் வந்தார்கள், யானைக்குப் பல் போயிற்று. நானும் நிறைய எழுதினேன். சில நல்ல புத்தகங்கள் என்றுகூடச் சொல்கிறார்கள்.

என் பெண் பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்து, தினமும் தாம்பரத்தில் நான் ஏறுகிற திசைக்கு எதிர்த் திசையில் ரயில் ஏற ஆரம்பித்தாள். அதற்குள் என் கைப்பிரதியை முதலில் படிப்பவளாக அவள் ஆகியிருந்தாள். சிநேகிதியை விடக் கறார். ஒருநாள் பிளாட்பாரத்தில் அவள் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, அவள் அசந்திருக்கும் நேரம் பார்த்து, "அந்த டப்பாவுல என்னதான்டி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"படிச்சுப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துக் கடைசிக்கு முந்தின பக்கத்தைப் பார்த்தேன். இல்லை. பிறகு முதல் பக்கத்துக்குப் போனேன்.